அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு கடைக்காரக் கணக்கு

இந்தப் பத்தியில் வழமையாகக் கொள்வனவு, கையிருப்பு, கடன் வசூல் போன்ற விடயங்களையே எழுதி வருகின்றேன். இம்முறை வைத்தியசாலை பற்றி எழுதுவதற்கு ஒரு கடிதம் காரணமாகிவிட்டது. கடந்த மாதம் எமது பகுதியிலுள்ள ஒரு வைத்தியசாலையின் அபிவிருத்திக் குழுவிலிருந்து, ஹுன்னஸ்கிரியவிலுள்ள எனது கடைக்கு அந்தக் கடிதம் வந்தது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நோயாளர்களும் உடன் வருவோரும் நீண்ட நேரம் நின்றபடி காத்திருப்பதால், 40 கதிரைகள் அன்பளிப்பாகக் கிடைத்தால் பேருதவியாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. எமது வர்த்தகர்கள் இப்படியான வேண்டுகோள்களை ஒருபோதும் தட்டிக்கழிப்பவர்களல்லர். கட்டில், மின்விசிறி, சக்கர நாற்காலி, தண்ணீர்த் தாங்கி என்று கொடுத்துக்கொண்டே இருக்கின்றோம். ஆனால் அவர்கள் ஏன் நீண்ட நேரம் காத்திருக்கிறார்கள் என்ற கேள்வி அந்தக் கடிதத்தில் எங்குமே இல்லை. கதிரை போட்டால் காத்திருப்பது சுகமாகும். ஒரு நிமிடம்கூடக் குறையாது. அந்த நிமிடம் எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் ஒரு தடவை நேரில் கண்டவன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மாலை நேரம். கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்த வாப்பா, தராசை விட்டுவிட்டு மூடையின் மேல் உட்கார்ந்தார். நெஞ்சை இறுக்குகிறது என்றார், உடம்பெல்லாம் வியர்வை. கடை வேனில் ஏற்றிக்கொண்டு மஹியங்கனை வீதியால் கீழே இறங்கினேன். அந்த வீதியின் வளைவுகளை அறிந்தவர்களுக்கு அந்தப் பயணத்தை நான் விபரிக்க வேண்டியதில்லை. வைத்தியசாலையில் முதலில் பெயர் பதிய ஒரு வரிசை. பிறகு டொக்டரைக் காண இன்னொரு வரிசை. எங்களுக்கு முன்னால் விரலை வெட்டிக்கொண்ட ஓர் இளைஞர், காய்ச்சல் பிள்ளையோடு ஒரு தாய், காயத்துக்கு மருந்து கட்ட வந்த ஒருவர் என்று பலர். வந்த ஒழுங்கில்தான் கூப்பிட்டார்கள். நாங்கள் வாசலுக்கு வந்ததிலிருந்து வாப்பாவுக்கு ஈ.சி.ஜி. எடுக்கும் வரை என் கைக்கடிகாரத்தில் 50 நிமிடங்கள்.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு வந்து 10 நிமிடங்களுக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் இதயநோய் வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட விதி. மாரடைப்பு என்று தெரிந்தால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 30 நிமிடங்களுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இதையெல்லாம் நான் பிறகுதான் அறிந்தேன். வாப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செயலிழந்துவிட்டது. இப்போதும் கடைக்கு வருகிறார்; மாடிப்படி ஏறும்போது நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறார்.

அன்று நான் டொக்டர்மாரையும் மிஸ்மாரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். உண்மையில் அங்கே ஒருவரும் சும்மா இருக்கவில்லை. என் தாத்தாவின் மகன், பேராதனையில் பொறியியல் படித்தவன், சில நாட்கள் கழித்து என்னிடம் கேட்டான்: "மாமா, பெருநாளுக்கு முந்தின ராவு எங்கட கடையில ரோட்டு வரைக்கும் கியூ நிக்குதே, அதுக்கு யாரை ஏசுறது?" என்னிடம் பதில் இருக்கவில்லை. அவன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் காட்டியதைத்தான் கீழே தருகின்றேன்.

வரிசையின் கணக்கு

இந்தக் கணக்கு வைத்தியசாலையில் பிறந்ததல்ல. டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த ஏர்லாங் என்ற கணிதவியலாளர் 1909 ஆம் ஆண்டில் இதற்கு அடித்தளமிட்டார். அவருடைய பிரச்சினை எங்களுடையதுதான்: அழைப்புகள் எப்போது வரும் என்று தெரியாது, இணைப்புக் கொடுக்கும் வசதியோ அளவானது, எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்?

ஓர் உதாரணம். ஒரு டொக்டர் ஒரு நோயாளரைப் பார்க்கச் சராசரியாக 6 நிமிடங்கள் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மணித்தியாலத்தில் 10 பேரைப் பார்க்கலாம். மணிக்கு 5 பேர் வந்தால், ஒருவர் சராசரியாகக் காத்திருப்பது 6 நிமிடம். 8 பேர் வந்தால் 24 நிமிடம். 9 பேர் வந்தால் 54 நிமிடம். இரண்டு மணித்தியாலத்துக்கு 19 பேர், அதாவது மணிக்கு ஒன்பதரைப் பேர் வந்தால் 114 நிமிடம்! ஒன்பதிலிருந்து ஒன்பதரைக்குப் போக, காத்திருப்பு இரட்டிப்பாகிவிடுகிறது. ஆட்கள் தற்செயலாக வருவதாகவும், ஒவ்வொருவருக்கும் எடுக்கும் நேரம் கூடிக் குறைவதாகவும் வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. உண்மையான அவசர சிகிச்சைப் பிரிவு இதைவிடச் சிக்கலானது. ஆனால் ஏற்றத்தின் போக்கு இதுதான்.

முதலில் நான் இதை நம்பவில்லை. மணிக்கு 9 பேர் என்றால் 54 நிமிட வேலை, 6 நிமிடம் மிச்சமிருக்கிறதே, பிறகு எப்படி வரிசை வரும் என்று வாதாடினேன். மருமகன் சிரித்தான். வருபவர்கள் நேரம் குறித்து ஒழுங்காக வருவதில்லை. முதல் 20 நிமிடம் யாரும் வரமாட்டார்கள். அடுத்த 10 நிமிடத்தில் 6 பேர் வருவார்கள். எங்கள் கடையில் இன்று விற்காத சீனி மூடை நாளை விற்கும். டொக்டரின் வேலையற்ற 20 நிமிடத்தை இறாக்கையில் அடுக்கி வைத்துப் பிறகு எடுக்க முடியாது. போனால் போனதுதான்.

இதில் வியாபாரிகளாகிய எமக்குக் கசப்பான ஒரு பாடமும் இருக்கின்றது. ஊழியர் ஒருவர் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் எமக்குப் பொறுக்காது. ஆனால் அவசர சிகிச்சை போன்ற இடத்தில், ஓரளவு வெறுமையான நேரம் வீண்செலவல்ல. அது விலை கொடுத்து வாங்கி வைத்த தயார்நிலை. எல்லோரும் எப்போதும் முழுக் கொள்ளளவில் வேலை செய்யும் இடத்தில் வரிசை முடிவின்றி நீளும்.

இனி, இரண்டு டொக்டர்கள் இருக்கும்போது ஆளுக்கொரு வரிசை வைப்பதா, அல்லது ஒரே வரிசை வைத்து யார் ஓய்வாகிறாரோ அவரிடம் அடுத்தவரை அனுப்புவதா? தனித்தனி வரிசையில் ஒவ்வொன்றிலும் மணிக்கு 8 பேர் என்றால் மேலே சொன்ன 24 நிமிடக் காத்திருப்பு. அதே 16 பேரை ஒரே வரிசையில் நிறுத்தினால் 11 நிமிடத்துக்கும் குறைவு. புதிய டொக்டர் இல்லை, புதிய கட்டிடம் இல்லை. வங்கிகளில் டோக்கன் கொடுத்து ஒரே வரிசையாக அழைப்பது இதனால்தான். என் கடையிலும் கடந்த நோன்பு காலத்திலிருந்து இரண்டு காசு மேசைகளுக்கும் ஒரே வரிசைதான்.

யார் முதலில்?

ஆனால் வாப்பாவுக்கு ஒரே வரிசை மட்டும் போதுமாக இருந்திருக்காது. வந்த ஒழுங்கில் பார்ப்பது கடைக்கு நியாயம். அவசர சிகிச்சைக்கு அது அநியாயம். அதனால்தான் வாசலிலேயே பயிற்சி பெற்ற ஒரு தாதி ஒவ்வொருவரையும் ஓரிரு நிமிடங்களில் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்கும் முறை வந்தது. நெப்போலியனின் படை வைத்தியராக இருந்த லாரே, காயம்பட்டவர்களைப் பதவி பார்க்காமல் காயத்தின் கடுமை பார்த்துக் கவனித்ததோடு இந்த எண்ணம் தொடங்கியதாகச் சொல்வார்கள். இன்று பல நாடுகளில் ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். எமது நாட்டின் பெரிய வைத்தியசாலைகளிலும் இப்படித் தரம் பிரிப்பது நடைமுறைக்கு வந்திருக்கின்றது. சிறிய இடங்களில் ஆளணியைப் பொறுத்து அது நடக்கும், நடக்காமலும் போகும்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். முன்னுரிமை கொடுப்பதால் மொத்தக் காத்திருப்பு குறைந்துவிடுவதில்லை. அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். வாப்பாவை முன்னால் எடுத்து ஈ.சி.ஜி. எடுத்திருந்தால், விரல் வெட்டுப்பட்ட இளைஞர் இன்னும் 10 நிமிடம் கூடுதலாகக் காத்திருந்திருப்பார். அவருக்கு 10 நிமிட நட்டம். எங்களுக்கு இதயத் தசை. இந்தப் பண்டமாற்றைச் செய்ய மறுப்பது சமத்துவமல்ல, கணக்குத் தெரியாமை.

பச்சைத் தரத்தில் உள்ளவர்கள் இப்படியே பின்தள்ளப்பட்டுக்கொண்டிருந்தால் விடிய விடிய உட்கார வேண்டிவரும். அதற்கும் வழி உண்டு. சிறிய காயங்களுக்குத் தனியாக ஓர் அறை, ஒரு டொக்டர் அல்லது தாதி. கடையில் ஒரு தேயிலைப் பைக்கற் வாங்க வந்த பிள்ளையை, 15 மூடை ஏற்றும் மொத்த வியாபாரிக்குப் பின்னால் நிறுத்துவோமா? அதே யோசனைதான். பல நாடுகளில் இந்தத் துரித வழி நன்றாக வேலை செய்கின்றது.

அடுத்தது கடமை நேரப் பட்டியல். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியை லிண்டா கிறீனும் அவருடைய குழுவினரும், நியூயோர்க் நகர வைத்தியசாலையொன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் செய்த ஆய்வொன்று 2006 ஆம் ஆண்டில் வெளியானது. எந்த மணித்தியாலத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணி, ஏர்லாங் வழிவந்த கணக்கைப் போட்டு, வைத்தியர்களின் கடமை நேரங்களை மாற்றி அமைத்தார்கள். காத்திருந்து சலித்து, டொக்டரைக் காணாமலே திரும்பிப் போகிறவர்களின் விகிதம் 22.9 வீதத்தால் குறைந்தது. கூட்டிய வைத்தியர் நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலம், அதாவது 3.1 வீதம் மட்டுமே. வந்த நோயாளரோ முன்னரைவிட 6.3 வீதம் அதிகம். வாரத்தில் 4 நாட்களில் ஒரு மணித்தியாலம்கூடக் கூட்டாமல், இருந்ததை இடம் மாற்றியதாலேயே 21.7 வீதம் குறைந்தது. அவர்கள் கவனித்த நுணுக்கம் ஒன்று எனக்குப் பிடித்திருந்தது: வருகை உச்சமாகும் நேரமும் நெரிசல் உச்சமாகும் நேரமும் ஒன்றல்ல. நெரிசல் பிந்தி வருகிறது. ஆகவே மேலதிக ஆளை, கூட்டம் கண்ணுக்குத் தெரிந்த பிறகல்ல, கொஞ்சம் முன்னதாகவே நிறுத்த வேண்டும். பெருநாள் வியாபாரத்துக்குக் கடைசி மூன்று நாட்களில் ஆள் தேடுகிற நண்பர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கலாம்.

பின்வாசல்

முன்வாசலை எவ்வளவுதான் சீர்செய்தாலும், பின்வாசல் அடைத்திருந்தால் பயனில்லை. இதற்கு 1961 ஆம் ஆண்டில் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் நிரூபித்த ஒரு விதி இருக்கின்றது. அவ்வளவு எளிமையானது, கேட்டால் இதற்கு நிரூபணமும் வேண்டுமா என்று தோன்றும். உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, மணிக்கு வருபவர்களின் எண்ணிக்கையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. எங்கள் மொழியில் சொன்னால்: நாளொன்றுக்கு 10 மூடை அரிசி விற்கிற கடையின் களஞ்சியத்தில் எப்போதும் 60 மூடை இருந்தால், ஒரு மூடை சராசரியாக 6 நாள் படுத்திருக்கிறது.

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு மணிக்கு 8 பேர் வந்து ஒவ்வொருவரும் 3 மணித்தியாலம் தங்கினால், எந்நேரமும் சராசரியாக 24 பேர் உள்ளே இருப்பார்கள். கட்டில் 20 தான் என்றால் மிகுதிப் பேர் தள்ளுவண்டியிலும் நடைவழியிலும். 4 கட்டில் வாங்கித் தாருங்கள் என்று அபிவிருத்திக் குழு எமக்குக் கடிதம் எழுதும். தங்கும் நேரத்தை இரண்டரை மணித்தியாலமாக்கினால் 20 கட்டிலுக்குள் கணக்கு வந்துவிடுகிறது என்று யாரும் எழுதுவதில்லை.

சிகிச்சை முடிந்த பிறகும் நோயாளர் ஏன் அங்கேயே கிடக்கிறார்? பெரும்பாலும் வார்ட்டில் கட்டில் காலியாகாததால். வார்ட்டிலோ, காலையில் டொக்டர் வந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன நோயாளர், டயக்னோசிஸ் கார்டுக்கும் மருந்துக்கும் வாகனத்துக்கும் காத்துப் பிற்பகல் வரை அதே கட்டிலில் இருக்கிறார். வீட்டுக்குப் போகிறவர் மூன்று மணிக்கு எழும்புகிறார். அவசரமாக வந்தவர் பதினொரு மணியிலிருந்து கீழே காத்திருக்கிறார். களஞ்சியம் நிறைந்திருக்க, லொறி வீதியில் நிற்பதற்கு லொறிச் சாரதியை ஏசுவதைப் போலத்தான் நான் அன்று அந்த மிஸ்ஸை ஏசியது.

மதுரையில் டொக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976 ஆம் ஆண்டில் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, உலகம் அறிந்த பெரும் நிறுவனமாக வளர்ந்ததற்கு இந்த ஓட்டக் கணக்கும் ஒரு காரணம். சத்திரசிகிச்சை நிபுணருக்குப் பக்கத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே மற்றதில் அடுத்தவர் தயாராகிறார். நிபுணர் திரும்பினால் போதும். அது முன்கூட்டித் திட்டமிடும் சிகிச்சை என்பதால் இலகு என்று சொல்லலாம். ஆனால் மிக அரிதான ஆள் எவரோ, அவர் மற்றவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது என்ற விதி எங்கும் ஒன்றுதான்.

வெறும் கட்டளையால் இது நடக்காது என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அவசர சிகிச்சைக்கு வருபவர்களை 4 மணித்தியாலத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டுத் திட்டத்தில் அறிவித்தார்கள். 98 வீதம் என்ற அந்த இலக்கு 2010 இல் 95 ஆகக் குறைக்கப்பட்டது. 2015 க்குப் பின்னர் அதுவும் தவறிப்போனது. இலக்கு நிலவிய காலத்தில், 4 மணித்தியாலம் நிறைவடையும் கடைசி நிமிடங்களில் அவசர அவசரமாக நோயாளர்கள் வார்ட்டுக்கு மாற்றப்பட்டதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மாத இறுதி விற்பனை இலக்குக்காகக் கடைசி நாளில் சாமானைத் தலையில் கட்டும் கம்பனிப் பிரதிநிதிகளை அறிந்த எமக்கு இதில் வியப்பேதுமில்லை.

இனி எமது மலைப்பாதைக்கு வருவோம். இந்திய நன்கொடையோடு 2016 ஜூலை 28 ஆம் திகதி மேல், தென் மாகாணங்களில் 88 அம்பியூலன்ஸ்களோடு தொடங்கிய 1990 சுவசெரிய சேவை, 2018 ஜூலை 21 ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் தொடங்கிய விரிவாக்கத்தின் மூலம் மேலும் 209 வண்டிகளைப் பெற்றது. பின்னர் மத்திய மாகாணத்துக்கும் வந்தது. கட்டணம் இல்லை. அம்பியூலன்ஸை எங்கே நிறுத்தி வைப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. சேர்ச், ரெவெல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1974 இல் அதை வகுத்தார்கள்: கையிலுள்ள வண்டிகளை எங்கெங்கே நிறுத்தினால், குறித்த நிமிடங்களுக்குள் ஆகக் கூடுதலான மக்களை எட்டலாம்?

இந்தக் கேள்வியில் எமது பிரதேசத்துக்கு ஒரு பாதகம் ஒளிந்திருக்கிறது. கூடுதலான மக்கள் என்று எண்ணினால் வண்டி எப்போதும் திகன, குண்டசாலைப் பக்கமே நிற்கும். உடதும்பரவும், லூல்வத்தை தாண்டிய மீமுரேயும் கணக்கில் தோற்றுப்போகும். வரைபடத்தில் 10 கிலோமீற்றர் என்பது இங்கே 10 கிலோமீற்றர் அல்ல. வளைவும் மழையும் மண்சரிவும் சேர்ந்த தூரம். ஆகவே தூரத்தையல்ல, நிமிடத்தை அளக்க வேண்டும். ஆள்தொகையோடு, ஆகத் தொலைவிலுள்ளவர் எவ்வளவு காத்திருப்பார் என்பதையும் சேர்க்க வேண்டும். எதை முதலில் வைப்பது என்று கணிதம் சொல்லாது. அதை மக்கள்தான் பேசி முடிவெடுக்க வேண்டும். ஹுன்னஸ்கிரிய சந்தி மஹியங்கனை வீதியும் மீமுரே வீதியும் பிரியும் இடம் என்பதை நான் இங்கே சொல்லி வைக்கின்றேன். எனக்கும் ஒரு பக்கச்சார்பு உண்டு.

அன்று மாலை எனக்கு 1990 என்ற இலக்கம் நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால், பயிற்சி பெற்ற ஒருவர் வழியிலேயே வாப்பாவைக் கவனித்திருப்பார். வைத்தியசாலை வாசலில் பெயர் பதியும் வரிசையிலும் நாங்கள் நின்றிருக்கமாட்டோம். இப்போது அந்த இலக்கம் காசு மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. கடைப் பையன்களுக்கு நெஞ்சுவலி, பக்கவாதம் இரண்டினதும் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

அபிவிருத்திக் குழுவுக்கு எழுதிய பதிலில் 20 கதிரைகளை ஏற்றுக்கொள்ளும்படியும், மிகுதி 20 கதிரைகளின் பணத்தை வேறொரு வேலைக்கு அனுமதிக்கும்படியும் கேட்டேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் நான்கு பிள்ளைகள், இருவர் இருவராக மாறி மாறி 14 நாட்கள் அந்த வாசலில் உட்காருவார்கள். நோயாளரின் பெயரோ நோயோ எழுதப்படாது. டோக்கன் இலக்கமும் நான்கு நேரங்களும் மட்டும்: வந்த நேரம், முதலில் ஒருவர் பார்த்த நேரம், சிகிச்சை தொடங்கிய நேரம், அங்கிருந்து வெளியேறிய நேரம். அவர்களுடைய கைச்செலவும் சாப்பாடும் தேநீரும் என் பொறுப்பு. கொப்பியை மருமகன் வாங்கிக் கணக்குப் போட்டுத் தருவான். குழுவில் ஒருவர், கதிரை என்றால் பெயர் எழுதி வைக்கலாம், இதற்கு எங்கே பெயர் எழுதுவது என்று கேட்டாராம். வைத்திய அத்தியட்சகர் சம்மதித்துவிட்டார்.

கதிரைகள் 20 உம் போய்ச் சேர்ந்துவிட்டன. முதலாவது கொப்பி வரும் திங்கட்கிழமை காலை 6 மணிக்குத் திறக்கப்படுகின்றது.